துண்டுத் துணியும் துண்டுப் பொழுதும்

பொறுமை பெண்ணுக்கு அணிகலன் என்றார்கள். சொன்னவர்கள் ஆண்கள், பூண்டவர்கள் பெண்கள். அணிகலன் எனில், வேண்டும்போது பூணவும் வேண்டாதபோது கழற்றவும் உரிமை இருத்தல் வேண்டுமன்றோ? கழற்ற முடியாத அணிகலனுக்குத் தமிழில் வேறொரு பெயர் உண்டு. விலங்கு என்பது அதன் பெயர்! நிலத்தைப் போலப் பொறுத்திரு என்று பெண்ணுக்குப் பாடம் சொன்னவர்கள், அந்த நிலத்தின்மீது நடப்பவர் யார் என்பதை மட்டும் பாடத்தில் சேர்க்கவில்லை.

அந்தப் பொறுமையில் விளைந்த பொருள் ஒன்றை எடுத்து ஆராய்வோம். அரண்மனைப் பொருளன்று, ஆலயப் பொருளுமன்று. கிழிந்த சட்டையின் கை, நைந்த பாவாடையின் ஓரம், வெளுத்துப்போன திரைச்சீலை, மாவு வந்த மூட்டையின் துணி ஆகியவற்றை உள்ளங்கை அளவுக்குக் கத்தரித்து, ஒன்றோடொன்று கையால் இணைத்து, அடியில் ஒரு துணியும் நடுவில் பஞ்சும் வைத்து, மூன்றும் பிரியாதபடி ஓட்டுத் தையல் போட்டு முடித்தால் கிடைப்பது அது. அமெரிக்க நாட்டார் அதனைக் 'குவில்ட்' என்பர். ஒட்டுப் போர்வை என்போம் நாம். பெரியவர் கட்டிலுக்குப் பெரிது உண்டு. தொட்டில் குழந்தைக்கும் சிறுமியின் பொம்மைக்கும் சிறிது உண்டு.

இதன் துண்டுகள் ஏன் இவ்வளவு சிறியவை? துணிப் பஞ்சம் ஒரு காரணம். மற்றொரு காரணம் உண்டு. அதுதான் நமக்கு முதன்மையானது. பெரிய போர்வையைப் பரப்பித் தைக்க இடம் வேண்டும், சட்டம் வேண்டும், யாரும் அழைக்காத நாள் வேண்டும். ஒரு சாண் சதுரத்தைத் தைக்க மடி போதும். உலை கொதிக்கும் வரை நாலு தையல். குழந்தை உறங்கும் வரை பத்துத் தையல். கணவன் வயலிலிருந்து திரும்பும் வரை இன்னும் ஒரு வரிசை. யாராவது அழைத்தால் ஊசியைத் துணியில் குத்திவைத்து எழுந்துவிடலாம். மறுநாள் அதே இடத்தில் தொடரலாம். சதுரங்கள் பெட்டியில் ஒவ்வொன்றாகச் சேரும். மாதங்கள் கழித்து, சில வீடுகளில் ஆண்டுகள் கழித்து, அவை ஒன்றாகும். துணிப் பஞ்சத்தோடு பொழுதுப் பஞ்சமும் சேர்ந்து வகுத்த அளவு அந்த ஒரு சாண் சதுரம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. முழுத் துணி மறுக்கப்பட்டவள், முழுப் பொழுது மறுக்கப்பட்டவள், தன் கைத்திறத்தால் அழகு படைத்தாள். அந்த அழகின் முன் நின்று நாம் என்ன சொல்வது? "ஆகா! வறுமையிலும் என்ன வனப்பு! அடுக்களை ஓரத்திலும் என்ன கலை! இதுவன்றோ பெண்மை!" என்று பாராட்டுவதா? அப்படிப் பாராட்டினால், மறுத்தவனுக்கும் அந்தப் பாராட்டில் ஒரு பங்கு போய்ச் சேராதா? பாராட்டாமல் விடுவதா? விட்டால், படைத்தவளை இரண்டாம் முறை புறக்கணித்தவர் ஆகமாட்டோமா?

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தூய்மைக்கு நல்ல அறிவுரை, மறுப்பதற்கில்லை. ஆனால், கந்தை ஏன் அவன் இடுப்பில், பட்டு ஏன் இவன் தோளில் என்று அந்தப் பழமொழி கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும். கேட்டவர்களின் வரலாறு, ஒட்டுப் போர்வை தைத்த அமெரிக்க நாட்டிலேயே இருக்கிறது.

லிடியா மரியா சைல்டு என்னும் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1829இல் சிக்கனமான இல்லத்தரசிக்கென ஒரு நூல் எழுதினார். பெரும்பொருள் இல்லாத வீட்டை எப்படி நடத்துவது என்பது அதன் பொருள். துணுக்குப் பொருளையும் வீணாக்காதே, துணுக்குப் பொழுதையும் வீணாக்காதே என்பது அதன் சாரம். ஒட்டுத்துணி வேலையைப் பற்றியும் பேசினார். நல்ல துணியைக் கிழித்து மீண்டும் அதையே தைப்பது அறிவீனம் என்று கேலி செய்தார். கழிந்த துணியைப் பயன்படுத்தினால் நாலு காசு மிஞ்சும் என்பதை ஒப்புக்கொண்டார். நூல் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. ஆசிரியருக்குப் பெயரும் புகழும் வந்தன.

வந்த புகழைக் காத்துக்கொள்ள அவர் எண்ணவில்லை. 1833இல் நீக்ரோ அடிமைகளின் சார்பில் ஒரு நூல் வெளியிட்டார். அடிமை முறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று வாதாடினார். நேற்று வரை அவருடைய சமையற் குறிப்பைப் போற்றிய சீமாட்டிகள், இன்று அவருடைய அறக்குறிப்பைக் கண்டு முகஞ்சுளித்தனர். அவர் நடத்திய சிறுவர் இதழை வாங்க ஆளில்லாமற் போயிற்று. அடுப்பைப் பற்றி எழுதும் பெண் அறிவாளி, அடிமையைப் பற்றி எழுதும் பெண் அடங்காப்பிடாரி! இந்த இலக்கணம் எந்த நாட்டுக்கும் புதிதன்று.

1836 டிசம்பரில், அடிமை ஒழிப்புப் பணிக்கு நிதி திரட்டப் பாஸ்டன் நகரப் பெண்கள் ஒரு விற்பனைச் சந்தை நடத்தினர். அதற்கு லிடியா தம் கையால் ஒரு சின்னஞ்சிறு தொட்டில் போர்வை தைத்துக் கொடுத்தார். விண்மீன் வடிவத்தில் துண்டுகள். நடுச் சதுரத்தில் மையால் எழுதிய சில வரிகள். தன் குழந்தையைக் கொஞ்சும் தாய், குழந்தையைப் பறிகொடுத்த அடிமைத் தாயையும் நினைக்க வேண்டும் என்பது அவ்வரிகளின் கருத்து. தைத்தவருக்கோ மக்கட்பேறு இல்லை. போர்வை 5 டாலருக்கு விற்றது. பணம் விடுதலைப் பணிக்குச் சென்றது. போர்வை இன்றும் காக்கப்பட்டு வருகிறது.

வீட்டின் ஒதுக்குப்புறத்தில் பெண்ணின் வாயை மூடிவைக்கத் தரப்பட்ட ஊசி, சந்தையில் நின்று பேசிற்று! ஆனால், அதே போர்வை நம்மை இன்னொரு கேள்விக்கும் இட்டுச் செல்கிறது. அந்தப் பருத்தித் துணியை விளைவித்தவர் யார்? அந்நாள் அமெரிக்கப் பருத்தியின் பெரும்பகுதி, தெற்குத் தோட்டங்களில் சாட்டையின் கீழ் பறிக்கப்பட்டது. அடிமைக்காக அழும் போர்வையிலேயே அடிமையின் வியர்வை! இதை எண்ணிப் பார்த்த சிலர், அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியையும் சர்க்கரையையும் தொடமாட்டோம் என உறுதி பூண்டனர். லுக்ரீஷியா மாட் அவர்களுள் ஒருவர். 1838இல் இதற்கென ஓர் அமைப்பே தோன்றியது. அழகிய பொருளைக் கண்டதும் 'யார் தைத்தது?' என்று கேட்பது முதற்படி. 'யார் விளைத்தது, யாருக்கு என்ன கொடுத்தார்கள்?' என்று கேட்பது அடுத்த படி.

இனி, ஊசியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய ஒருவரைப் பார்ப்போம். அபிகேல் ஸ்காட் டனிவே அவர் பெயர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் மாநிலத்தவர். ஆறு குழந்தைகளின் தாய். கணவர் விபத்தில் நலிவுற்றபின் குடும்பச் சுமை அவர் தோளில் ஏறிற்று. பள்ளியில் கற்பித்தார், பெண்களுக்கான தொப்பிக் கடை நடத்தினார், 1871இல் பெண்ணுரிமைக்கென ஓர் இதழே தொடங்கி 1887 வரை நடத்தினார். ஒட்டுப் போர்வையைக் கண்டால் அவருக்கு எரிச்சல். கூலியில்லாமல் பெண் அடங்கிக் கிடப்பதன் அடையாளம் அது என்று சாடினார். மாதக்கணக்கில் குனிந்து தைக்கிறாளே, அந்த மாதங்களில் அவள் எவ்வளவு படித்திருக்கலாம், எவ்வளவு சம்பாதித்திருக்கலாம் என்பது அவர் வழக்கு.

வாதம் கூர்மையானது. ஆனால் வாழ்க்கை வாதத்தைவிடச் சிக்கலானது. அந்த டனிவேயே ஒரு போர்வை தைத்திருக்கிறார்! 1869இல் தொடங்கியதை 1900இல் முடித்தார். இடையே முப்பத்தோர் ஆண்டுகள். முடித்ததை என்ன செய்தார்? பெண்களின் வாக்குரிமை இயக்கம் நடத்திய சந்தைக்குக் கொடுத்தார். ஆரிகன் மாநிலத்தில் பெண் வாக்குரிமைக் கோரிக்கை ஐந்து முறை தோற்றது. ஆறாம் முறை, 1912இல் வென்றது. வெற்றிப் பிரகடனத்தை எழுதிக் கையெழுத்திட்டவர், எழுபது வயதைக் கடந்த டனிவே.

இது முரண்பாடு என்று நகைப்பவர் நகைக்கட்டும். எனக்கு முரணாகத் தோன்றவில்லை. அவர் பகைத்தது ஊசியையன்று. 'உனக்கு இதுதான், இதற்கு மேல் உனக்கு எதுவும் இல்லை' என்று ஊசியைக் கையில் திணித்த ஏற்பாட்டைப் பகைத்தார். எழுதுகோலும் ஊசியும் இரண்டும் கைக்கு எட்டிய பின்னர், அவர் தைத்தார், விரும்பித் தைத்தார், தாம் வேண்டியவர்க்குக் கொடுத்தார். விருப்பமும் கட்டாயமும் ஒரே தையலைத் தைக்கலாம். துணியைப் பார்த்து வேறுபாடு காண முடியாது. தைத்தவளின் வாழ்க்கையைப் பார்த்தால்தான் காண முடியும்.

கட்டாயம் எப்படி இருக்கும் என்பதற்கு ஜார்ஜியா மாநிலத்து ஹேரியட் பவர்ஸ் சான்று. 1837இல் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின், துணித் துண்டுகளை உருவங்களாக வெட்டி ஒட்டித் தைத்து, விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களில் காட்டும் ஒரு போர்வை செய்தார். ஆதாமையும் ஏவாளையும் பற்றி நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். எழுத்து மறுக்கப்பட்ட இனத்தில் பிறந்தவர் துணியில் கதை எழுதிய திறத்தைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் அதைக் கண்ட ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தரமாட்டேன் என்றார் ஹேரியட்.

சில ஆண்டுகள் சென்றன. வறுமை வந்தது. 1890களின் தொடக்கத்தில், போர்வையை எடுத்துக்கொண்டு அவரே அந்த ஆசிரியையின் வீட்டுக்குச் சென்றார். 10 டாலர் கேட்டார். 5 டாலர் கிடைத்தது. விற்ற பின்னும் தம் படைப்பைப் பார்ப்பதற்கென்று சில முறை போய்வந்தார் என்பது குறிப்பு. இன்று அப்போர்வை அமெரிக்கத் தலைநகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில், நாட்டின் செல்வங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

பாஸ்டனிலும் 5 டாலர், ஏதென்சிலும் 5 டாலர். தொகை ஒன்று, அறம் ஒன்றா? முன்னவர் கொடுத்தார், பின்னவர் இழந்தார். முன்னவர் பணத்தைக் கொள்கைக்கு அனுப்பினார். பின்னவர் கொள்கையையே பசிக்கு அனுப்ப நேர்ந்தது. ஒட்டுப் போர்வையைப் பார்த்து 'என்ன பொறுமை!' என்று வியப்பவர்கள், ஹேரியட் தம் போர்வையைப் பார்க்க மற்றொருவர் வீட்டு வாயிலுக்கு நடந்த நடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது அலபாமா மாநிலத்துக்கு வருவோம். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு நிலத்துண்டு. ஜீஸ் பெண்ட் என்பது ஊர்ப்பெயர். முதலில் ஜீ என்பவரின் தோட்டம். பிறகு பெட்வே என்பவரின் தோட்டம். அடிமைகளுக்கு முதலாளியின் பெயரே குடும்பப் பெயராயிற்று. 1865இல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. பெயர் ஒழியவில்லை, வறுமை ஒழியவில்லை. குத்தகை உழவராய், கடனாளிகளாய் அங்கேயே வாழ்ந்தனர். 1932இல், கடன் கொடுத்து வந்த வணிகர் இறந்துபோகவே, கடனுக்கு ஈடாக அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் கால்நடையையும் கருவியையும் தானியத்தையும் வாரிக்கொண்டு போயினர். குளிர்காலம் எதிரே நின்றது.

காற்றுப் புகும் மரக் குடிசையில், படுக்கைக்கு ஒரு போர்வை போதாது. மேலுக்கு மேல் பல வேண்டும். அங்குள்ள பெண்கள் தைத்தனர். வயலில் உழைத்துக் கந்தலான காற்சட்டை, உர மூட்டைத் துணி எல்லாம் மேல்துணியாயின. பருத்தி அரைவை ஆலையின் தரையில் கூட்டிய கழிவுப் பஞ்சு உள்ளே சென்றது. பருத்தியைப் பயிரிட்டவர்களுக்கு எஞ்சியது, தரையில் சிந்திய பஞ்சு! 1942இல் மிசௌரி பெட்வே என்பவர், இறந்துபோன தம் கணவரின் வேலை உடைகளை எல்லாம் பிரித்து, மகள் ஆர்லான்சியாவின் துணையோடு ஒரு போர்வையாக்கினார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. முழங்கால் பட்டுத் தேய்ந்த தடமும் வெயிலில் வெளுத்த நிறமும் அப்படியே தெரியும் போர்வை அது. கல்லறைக் கல் வாங்க வழியில்லாதவர்களுக்கும் காதல் உண்டு, நினைவு உண்டு, அதற்கு வடிவம் தரும் அறிவு உண்டு.

1960களில் அந்த மக்கள் வாக்காளராய்ப் பதிவு செய்யப் புறப்பட்டனர். பதிவு அலுவலகம் ஆற்றின் அக்கரையில். படகில் போனால் சில நிமிடம். சாலையில் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1962இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது! பதிவு செய்தவர்களுள் பலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர். அப்போதுதான் ஊசி மீண்டும் சந்தைக்கு வந்தது. பிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார், கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளைக் கண்டார். பாதிரியார்தாம், ஆயினும் பொறுத்திருங்கள், பரலோகத்தில் பலன் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. போர்வைகளை வாங்கினார், நியூயார்க்கில் ஏலம் விடச் செய்தார், 1966இல் அப்பகுதிப் பெண்கள் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கத் துணை நின்றார். சங்கத்தின் பெயரிலேயே விடுதலை என்னும் சொல் இருந்தது. சங்கம் நிலம் வாங்கிற்று, தையற்கூடம் கட்டிற்று, வாக்குரிமை கேட்டதால் வீடிழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் குடியமர்த்திற்று. 1972இல் சியர்ஸ் என்னும் பெரிய வாணிக நிறுவனத்திடமிருந்து தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது.

சந்தை எல்லாவற்றையும் இனிதாக்கிவிடவில்லை. ஒரே அளவு, ஒரே வடிவு, ஒரே தரம் என்றது சந்தை. மனம் போன போக்கில் கோணலும் வளைவுமாய்த் துண்டுகளை அமைத்த கற்பனைக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் கூலி கிடைத்தது. தம் பெயரில் காசு கிடைத்தது. கற்பனையை வீட்டுப் போர்வையில் அவர்கள் காத்துக்கொண்டார்கள். 2002இல் அந்த வீட்டுப் போர்வைகளே ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. புகழ்மிக்க ஓவியர்களோடு ஒப்பிட்டுப் பேசினர் திறனாய்வாளர். 2006இல் பத்துப் போர்வைகளின் படங்கள் அஞ்சல் தலைகளாயின. அதே 2006இல்தான், நிறுத்தப்பட்ட படகு மீண்டும் ஓடத் தொடங்கிற்று. நாற்பத்து நான்கு ஆண்டுகள்! போர்வை நாடு முழுவதும் அஞ்சலில் பறந்த ஆண்டில்தான், போர்வை தைத்தவள் ஆற்றைக் கடக்க முடிந்தது. 2007இல் அவ்வூர்ப் பெண்கள் சிலர், தங்கள் படைப்பால் பிறர் அடைந்த பயனில் தங்களுக்குரிய பங்கு எங்கே என்று கேட்டு வழக்கு மன்றம் ஏறினர். 2008இல் வழக்குகள் உடன்பாட்டில் முடிந்தன. புகழ் வந்துவிட்டது, போதாது, கணக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது முறை.

ஆக, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கூறும் நிலைக்கு வந்திருக்கிறோம். பாராட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கையைப் பாராட்டுவது. மற்றொன்று, கந்தையைப் பாராட்டுவது. 'இவளுக்கு நிறம் தெரியும், அளவு தெரியும், பொருந்தாத இரண்டைப் பொருத்தத் தெரியும். இவள் கலைஞர்' என்பது கையைப் பாராட்டுவது. 'இவ்வளவு குறைவில் இவ்வளவு நிறைவா! குறைவே இவளை உயர்த்திற்று' என்பது கந்தையைப் பாராட்டுவது. முன்னது கடமை. பின்னது மோசடி. குறைவு யாரையும் உயர்த்துவதில்லை. குறைவை மீறி உயர்ந்தவர்களைத்தான் நாம் காண்கிறோம். மீற முடியாமல் மடிந்தவர்களின் போர்வை எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. முழு எட்டு முழத் துணியும், முழு எட்டு மணிப் பொழுதும் கிடைத்திருந்தால் அவர்கள் என்னென்ன படைத்திருப்பார்கள்? அந்தப் படைப்புகளை உலகம் இழந்தது. இழப்பைக் கணக்கில் எழுதாமல் வரவை மட்டும் எழுதுவது நேர்மையான கணக்காகாது.

"தையலில் அவளுக்கு இன்பம் இருந்ததே, அதையும் பறிக்கிறாயா?" என்று கேட்பர் சிலர். பறிக்கவில்லை. இன்பம் உண்மை. சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் வைத்துப் பார்த்து, எடுத்து, மஞ்சள் வைத்துப் பார்த்து, 'ஆம், இதுதான்!' என்று ஒரு மனம் மலரும்போது, அந்த நொடியில் அவள் யாருக்கும் அடிமையில்லை. ஆனால், சிறைக்குள் பாடியவனின் பாட்டு இனிமையாக இருந்தது என்பதால், சிறை நல்லது என்று ஆகிவிடாது. பாட்டைக் காக்கவேண்டும் என்பவர் முதலில் கதவைத் திறக்கவேண்டும்.

"எந்திரம் வந்துவிட்டது, இனிக் கவலை ஏன்?" என்பர் வேறு சிலர். தையல் எந்திரம் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வந்துவிட்டது. துவைக்கவும் அரைக்கவும் எந்திரங்கள் பின்னர் வந்தன. வந்தும் என்ன ஆயிற்று? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் இதை ஆராய்ந்தார். எந்திரம் வேலையின் கடுமையைக் குறைத்தது. தாயின் நேரத்தை மீட்டுத் தரவில்லை என்பது அவர் முடிவு. வாரம் ஒருமுறை துவைத்த வீட்டில் நாள்தோறும் துவைத்தார்கள். முன்பு ஆணும் சிறுவரும் செய்த வேலைகளும் தாயின் தலையில் விழுந்தன. எந்திரம் விறகு பிளந்தவனை விடுவித்தது, சமைத்தவளை விடுவிக்கவில்லை!

நம் நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்திய அரசு 2019இல் எடுத்த பொழுதுப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டாள். ஆண் 97 நிமிடம். அந்த வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். 2024இல் மீண்டும் கணக்கெடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிடம். பத்து நிமிடம் குறைந்தது. மகிழ்வோம் என்று பார்த்தால், ஆணுக்கு 88! தன் சிறு பங்கிலும் ஒன்பது நிமிடத்தைக் கழித்துக்கொண்டான் அவன். எண்கள் பொய் சொல்லவில்லை. நாம்தாம் மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாய் இருக்கிறோம்.

இந்த எண்களை ஆசிரியராகிய நான் வகுப்பறையில் நோட்டுப் புத்தகங்களில் படிக்கிறேன். ஒரே கட்டுரையை ஒரு மாணவன் ஒரே மையில், ஒரே ஓட்டத்தில் எழுதி வருகிறான். அவன் வயதுடைய மாணவியின் கட்டுரையில் மூன்று இடங்களில் கையெழுத்து மாறுகிறது. முதற்பத்தி நிதானம், இரண்டாவது அவசரம், மூன்றாவது இரவின் களைப்பு. இடையில் தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள். தம்பிக்குச் சோறூட்டப் போயிருப்பாள். துண்டு துண்டாகக் கிடைத்த பொழுதை ஒட்டி ஒரு கட்டுரை தைத்திருக்கிறாள் அந்தச் சிறுமி. நன்றாகவே எழுதியிருக்கிறாள். 'மிக நன்று' என்று அடியில் எழுதிவிட்டால் என் கடமை தீர்ந்துவிடுமா? பெற்றோரை அழைத்து, 'மகனுக்குத் தரும் ஒரு மணி நேரத்தை மகளுக்கும் தாருங்கள்' என்று சொன்னால்தான் தீரும்.

பகுத்தறிவு இளைஞனே! உன்னிடம் இப்போது நேராகவே பேசுகிறேன். படிப்பகத்துக்குப் போகிறாய், போக வேண்டும். பொதுக்கூட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டுகிறாய், ஒட்ட வேண்டும். பெண் விடுதலை பற்றி மேடையில் முழங்குகிறாய், கைதட்டலும் பெறுகிறாய். கூட்டம் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும்போது, மூடிவைத்த சோறு காத்திருக்கிறது. மூடிவைத்தவள் யார்? உன் வெள்ளைச் சட்டையைத் துவைத்தவள் யார்? சாதியை ஒழிக்க, மூடநம்பிக்கையை ஒழிக்க உனக்குக் கிடைத்திருக்கும் அந்த முழு மாலைப்பொழுது, வானத்திலிருந்து விழவில்லை. உன் அன்னையின், தமக்கையின், மனைவியின் பொழுதைக் கத்தரித்து உனக்கு முழுத்துணியாகத் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சியது வெட்டுத்துண்டு. அந்த வெட்டுத்துண்டிலும் அவர்கள் ஒரு பூவேலை செய்துவிட்டால், 'என் அக்காளுக்கு எவ்வளவு பொறுமை!' என்று நண்பர்களிடம் காட்டிப் பெருமை கொள்கிறாய்!

வருந்தச் சொல்லவில்லை, வருத்தத்தால் பாத்திரம் துலங்காது. கணக்குப் போடச் சொல்கிறேன். வாரத்தில் எத்தனை மாலை உனக்கு? எத்தனை மாலை அவளுக்கு? கூட்டத்துக்கு நீ போகும் நாள் எது, அவள் போக, நீ குழந்தையைத் தூங்கவைக்கும் நாள் எது? வீட்டு வேலையில் 'உதவி' செய்கிறேன் என்று சொல்லாதே. உதவி என்பது பிறர் வேலையில் கை கொடுப்பது. நீ உண்ணும் சோற்றை நீ சமைப்பது உதவியாகாது, உன் பங்கு. அவள் அந்த மாலையில் தைப்பாளோ, படிப்பாளோ, பேசுவாளோ, வெறுமனே திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்குவாளோ, அது அவள் விருப்பம். என்ன செய்தாய் என்று கணக்குக் கேட்கும் உரிமை நமக்கில்லை. உன்னுடைய ஓய்வுக்கு அவள் கணக்குக் கேட்டதுண்டா?

ஒட்டுப் போர்வை வாழட்டும்; அதைத் தைக்கும் கை வாழட்டும். இனித் தைப்பவள், வேறு வழியில்லாமல் தைக்க வேண்டாம், வேண்டித் தைக்கட்டும். தைத்ததற்கு அவள் பெயர் இருக்கட்டும், விலை இருக்கட்டும், விற்கமாட்டேன் என்று சொல்லும் துணிவுக்குப் பின்னால் நிறைந்த அடுக்களை இருக்கட்டும். துண்டுத் துணியை ஒன்றாக்க ஊசியால் முடியும். துண்டுபட்ட பொழுதை முழுதாக்க ஊசியால் முடியாது; வீட்டிலுள்ள ஆண் எழுந்து அடுப்பருகே போனால்தான் முடியும். இன்று மாலையே போகலாம்.